சீட்டில் எழுதாத வரி

பயாப்ஸிக்குச் சதையை அனுப்பும்போது கூடவே ஒரு படிவம் போகும். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்த டாக்டர், எந்த உறுப்பு என்று வரிசையாகக் கட்டங்கள். அவற்றுக்குக் கீழே சற்று அகலமாக இன்னொரு கட்டம், நோயாளியின் மருத்துவ விவரத்துக்காக. அடுத்த கேஸுக்கு ஆளைப் படுக்கவைத்தாயிற்று என்று நர்ஸ் குரல் கொடுக்கும் அவசரத்தில், அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் விழுவது ஒரு கேள்விக்குறியும் அதையடுத்து ‘சி.ஏ. பிளாடர்’ என்ற கிறுக்கலும்தான். சிறுநீர்ப்பைப் புற்றுநோயோ என்று சந்தேகம், பார்த்துச் சொல்லவும் என்று அதற்கு அர்த்தம். ஃபார்மலின் ஊற்றிய சின்ன டப்பாவும் அந்தச் சீட்டும் லேபுக்குப் போய்விடும். நோயாளிக்கு மூன்று வருஷம் முன்பு கிட்னி மாற்றியது, ஒண்ணுக்குப் போனால் நெஞ்சு படபடக்கிறது, போன மாதம் வரை டியூபோடு இருந்தார் என்ற சேதிகளெல்லாம் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மனைவியோடு தங்கிவிடும்.

சிறுநீர்ப்பைக்குள் வளர்ந்து, ஸ்கேனிலும் கேமராவிலும், சமயத்தில் நுண்ணோக்கியிலும்கூடப் புற்றுநோயாகவே தெரிந்து, கடைசியில் புற்றுநோய் இல்லை என்று முடியும் கட்டிகள் சில உண்டு. அவற்றைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் இப்படித் தங்கிப்போகும் சேதிகள்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவை அரிதானவை. சிறுநீரில் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் போய்ப் பரிசோதனைக்கு வரும் பெரியவர்களில் பத்து முதல் இருபது சதவீதத்தினருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. சிறுநீர்ப்பைக்குள் கட்டி இருப்பது தெரிந்துவிட்டாலோ, அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்புதான் மிக அதிகம். அந்தப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் உள்உறைச் செல்களிலிருந்து வருபவை. அவற்றுக்கு முதல் காரணம் புகை. ஆகவே இங்கே படிப்பதை வைத்துக்கொண்டு, ரத்தம் வந்தவர் ‘நமக்கும் சாதாக் கட்டியாகத்தான் இருக்கும்’ என்று வீட்டிலேயே முடிவு கட்டினால் அது தற்கொலைக்குச் சமம். ஒரே ஒரு தடவை வந்து தானாக நின்றுபோன ரத்தத்துக்கும் இது பொருந்தும். அது நின்றுபோவதுதான் அதிலுள்ள வஞ்சகம்.

மயிலாப்பூர்க்காரர் ஒருவரைக் கற்பனையில் வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டியவர், மாடவீதியை ஒட்டிய தெருவில் வீடு, காலையில் நடந்துவிட்டு வந்து ஒண்ணுக்குப் போனபோது சிவப்பு. குடும்ப டாக்டர் தி.நகரில் ஸ்கேன் எடுத்துவரச் சொல்கிறார். உஸ்மான் ரோட்டு நகைக்கடைக் கூட்டத்தில் நீந்திப்போய் ஒரு மாடியேறினால், ‘தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க, முட்டும்போது சொல்லுங்க’ என்று வரவேற்பில் இருக்கும் பெண் சொல்வாள். சுருங்கிக் கிடக்கும் சிறுநீர்ப்பையின் சுவரில் மடிப்புகள் விழும். ஸ்கேனில் அந்த மடிப்புகளே கட்டியாகத் தெரியக்கூடும். பை நிரம்பினால் சுவர் விரிந்துகொடுக்கும்.

உள்ளே, ஜெல் தடவிய கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டர் திடீரென்று ‘ஒருக்களிச்சுப் படுங்க’ என்பார். சுவரில் ஒட்டியிருக்கும் கட்டி அங்கேயே இருக்கும். உறைந்த ரத்தக்கட்டியோ ஆள் புரளும்போது தானும் உருண்டு பள்ளமான பக்கத்துக்குப் போய்விடும். பிறகு டாப்ளரைப் போட்டு உள்ளே ரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பார். ரத்தக்கட்டிக்குள் ஓட்டம் இருக்காது. போலிகளில் பலவற்றை இந்த இரண்டு நிமிஷ வேலையே விரட்டிவிடும்.

நம்முடையவருக்கு நகரவில்லை, ஓட்டமும் இருக்கிறது. வலதுபக்கச் சுவரில் பாலிப் போன்ற வளர்ச்சி என்று ரிப்போர்ட் வருகிறது. அடுத்தது கேமரா. 1879ல் வியன்னாவில் மாக்ஸ் நீட்ஸே என்ற ஜெர்மானியர் விளக்குப் பொருத்திய குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுக் காட்டிய நாளிலிருந்து யூராலஜிஸ்ட்டுகள் நம்புவது கண்ணைத்தான். உப்புத்தண்ணீர் நிரப்பிய பைக்குள் கட்டி தெரிகிறது. தண்ணீருக்குள் ஆடும் கடல்பாசி மாதிரி மெல்லிய விரல்கள். பார்த்த மாத்திரத்தில் யாரும் புற்றுநோய் என்பார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

ஏன் பெரும்பாலும், ஏன் எப்போதும் இல்லை? சிறுநீர்ப்பையின் உள்உறை சில அடுக்குச் செல்கள்தான். பை காலியாக இருக்கும்போது ஐந்தாறு அடுக்கு, நிரம்பி விரிந்தால் இரண்டு மூன்று. அதன் கீழே ரத்தக் குழாய்கள் ஓடும் மெல்லிய படலம், அதற்கும் கீழே தசை. இந்த உறைக்குத் தெரிந்த வித்தைகள் சொற்பம். எதனால் புண்பட்டாலும் வீங்கும், விரல்விரலாக நீளும், கீழே குழிந்து குமிழ்களாகும், ரத்தம் கசியும். டியூப் உரசினாலும் கல் உரசினாலும் கிருமி தின்றாலும் இதே நாலைந்து வித்தைகள்தான். புற்றுநோய் செய்வதும் இவற்றைத்தான்.

அந்த மயிலாப்பூர்க்காரருக்கு இரண்டு மாதம் முன்பு இடுப்பு எலும்பு முறிந்து, படுக்கையில் கிடந்த நாளெல்லாம் சிறுநீர் டியூப் போட்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டியூபின் நுனி எந்தச் சுவரில் உரசிக்கொண்டிருந்ததோ அங்கே நீர்கோத்து வீங்கிய விரல்கள் எழும்பும். கேமராவில் அசல் புற்றுநோய் மாதிரியேதான் இருக்கும். நுண்ணோக்கியில் வித்தியாசம் தெரியும். புற்றுநோயின் விரல்கள் ஒல்லி. கிளைக்குள் கிளை பிரியும். மேலே அடுக்கடுக்காகச் செல்கள் தடித்துக் குழம்பியிருக்கும். டியூபினால் வந்தவை அடிப்பக்கம் அகன்று, கிளைக்காமல், நீர்கோத்து, உறை மட்டும் அதிகம் கெடாமல் இருக்கும். ஆனால் சில மில்லிமீட்டர் துணுக்குகளாக, கட்டியைச் சீவியெடுக்கும் மின்சார வளையம் சுட்டுக் கருக்கிய ஓரங்களோடு வரும் சதையில் இந்த வித்தியாசம் எவ்வளவு நேரம் கண்ணில் நிற்கும்? படிவத்தில் ‘டியூப் ஆறு வாரம்’ என்று இரண்டு சொல் இருந்திருந்தால் பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடை வைத்ததுமே அதைத்தான் முதலில் தேடியிருப்பார்.

இதைவிடத் துல்லியமாக ஒரு கதை 1984ல் வெளிவந்தது. பிராப், ஸ்கல்லி, ரோசாய் என்ற மூன்று பேத்தாலஜிஸ்ட்டுகள் எட்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எட்டுப் பேரிடமும் சிறுநீர்ப் பாதையிலோ பிறப்புறுப்பைச் சார்ந்த இடத்திலோ கதிர்முனை போல நீண்ட செல்கள் நெருக்கியடித்துப் பெருகிய முடிச்சு. செல்கள் வேகவேகமாகப் பிரிந்துகொண்டிருந்தன. சார்கோமா என்ற கொடிய புற்றுநோயின் இலக்கணம் அது. ஆனால் எட்டுப் பேருக்கும் அதே இடத்தில் ஐந்து வாரம் முதல் மூன்று மாதத்துக்குள் ஓர் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. முடிச்சுகள் சார்கோமாவாக நடந்துகொள்ளவில்லை. புண் ஆறும் வேலை அளவு மீறிப்போனதுதான் அத்தனையும். சதையை மட்டும் பார்த்தவருக்குச் சார்கோமா. ஆபரேஷன் தேதியையும் பார்த்தவருக்கு வெறும் தழும்பு வேலை.

ஆபரேஷனே நடக்காதவர்களிடமும் இதே தோற்றத்தில் ஒரு கட்டி வரும். அழற்சித் தசைநார்க் கட்டி என்று சொல்லலாம். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் ஏ.எல்.கே. என்ற மரபணு உடைந்து இடம் மாறி ஒட்டியிருக்கும். அதற்கான சாயம் ஏறினால் சார்கோமா பயம் பெரிதும் விலகும். முற்றிலும் சாது என்று சொல்லிவிட முடியாது. திரும்ப வரும்; மிக அரிதாகப் பரவவும் செய்யும்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது நெஃப்ரோஜெனிக் அடினோமா. 1949, 1950 வாக்கில் முதலில் வருணிக்கப்பட்ட கட்டி இது. சிறுநீர்ப்பைச் சுவரில், சின்னச் சின்னக் குழாய்களாக, சிறுநீரகத்தின் நுண்குழாய்கள் போலவே இருக்கும். புண்பட்ட உறை தன்னை வேறு உருவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறது என்று அரை நூற்றாண்டு காலம் பாடப்புத்தகங்கள் எழுதின. கேட்பதற்கு நியாயமான விளக்கம்.

கிட்னி மாற்றியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. 2002ல் வியன்னா ஆய்வாளர்கள் அவர்களிலேயே ஒரு கூட்டத்தைப் பிரித்தெடுத்தார்கள்: ஆணின் சிறுநீரகத்தைப் பெற்ற பெண்கள், பெண்ணின் சிறுநீரகத்தைப் பெற்ற ஆண்கள். சிறுநீர்ப்பையில் வளர்ந்த கட்டி நோயாளியின் சொந்தச் சதை என்றால் பெண்ணின் கட்டியில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்தான் இருக்க வேண்டும். இருந்ததோ எக்ஸும் ஒய்யும். ஆண்களின் கட்டியில் ஒய் இல்லை. கட்டியைச் சுற்றியிருந்த உறை நோயாளியுடையது. கட்டி மட்டும் கிட்னி கொடுத்தவருடையது!

நடப்பது இதுதான். சிறுநீரக நுண்குழாய்களின் உள்ளிருந்து செல்கள் உதிர்ந்து சிறுநீரோடு இறங்கிக்கொண்டே இருக்கின்றன. சாதாரணமாக வெளியே போய்விடும். வழியில் உறை எங்காவது பிய்ந்திருந்தால் சில செல்கள் அங்கே ஒட்டி, வேர்பிடித்து, தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்கின்றன: குழாய் கட்டுகின்றன. கிட்னி மாற்றாதவர்களுக்கு வருவதும் இப்படித்தான் என்றே இப்போது கருதுகிறார்கள். அங்கே விதை சொந்தச் சிறுநீரகத்திலிருந்து வருவதால் குரோமோசோமை வைத்துப் பிரித்துக்காட்ட முடியாது. சிறுநீரகச் செல்லின் அடையாளமான பேக்ஸ்-8 சாயம் ஏறுவதுதான் சாட்சி.

இந்தக் குழாய்கள் அடினோகார்சினோமா என்ற சுரப்பிப் புற்றுநோயை அப்படியே ஒத்திருக்கும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர்த்தாரையில் வளர்ந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. புரோஸ்டேட் புற்றுநோயைப் பிடிப்பதற்கென்று லேபில் வைத்திருக்கும் சாயம் ஒன்று இதிலும் பலமுறை ஏறிவிடும். வேலூர் சி.எம்.சி.யில் 1971ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2008ல் வேகம்பிடித்தது. ஆகவே நம் ஊரில் அந்தப் படிவத்தில் ‘கிட்னி மாற்றியவர்’ என்ற சொல் விடுபடுவது சின்ன விஷயமில்லை. அதே சமயம், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை வருஷக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு அசல் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுதல். கதை தெரிந்தால் மட்டும் தீர்ப்பு வந்துவிடாது. எந்தச் சாயங்களைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது தெரியவரும். ஒவ்வொரு சாயத்துக்கும் தனிக்காசு என்பதால் அதுவே பெரிய விஷயம்.

அடுத்தது வேறு ரகம். இதில் கதையைக் கேட்காமல் விட்டால் ஆளே போய்விடலாம்.

மயிலாப்பூர்க்காரருக்கு டியூபும் இல்லை, கிட்னியும் மாற்றவில்லை என்று இப்போது வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு வருஷமாக ஒண்ணுக்குப் போய் முடித்ததும் தலை விண்ணென்று தெறிக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வேர்த்துக்கொட்டுகிறது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை மாற்றியும் கட்டுக்குள் வரவில்லை. வீட்டில், வெயில், பித்தம், வயசு என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சிறுநீரில் ரத்தம் என்று யூராலஜிஸ்ட்டிடம் போனவர் தலைவலியைப் பற்றிச் சொல்லவில்லை. ஒண்ணுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது என்று 1953ல் ஸிம்மர்மன், பைரன், மக்மஹன் மூவரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். கருவில் நரம்பு மண்டலம் உருவாகும்போது அட்ரினல் சுரப்பியின் உறவுச் செல்கள் சில வழியெங்கும் சிந்திக்கிடக்கும். சிறுநீர்ப்பைத் தசைக்குள்ளும் கிடக்கும். அவற்றிலிருந்து வளரும் கட்டி பாராகாங்லியோமா. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் ஆயிரத்தில் ஒன்றுகூட இருக்காது. அது நார்அட்ரினலினைத் தயாரித்துச் சேர்த்துவைத்துக்கொள்கிறது. பை நிரம்பி இழுபடும்போதும், சுருங்கிச் சிறுநீரை வெளியேற்றும்போதும் கட்டி பிழியப்பட்டு ஹார்மோன் ரத்தத்தில் பாய்கிறது. பிரஷர் சட்டென்று ஏறுகிறது.

வயதானவர்கள் நடுராத்திரி எழுந்து ஒண்ணுக்குப் போய்விட்டு மயங்கி விழுவது வேறு; அங்கே பிரஷர் இறங்கும். இரண்டையும் பிரிக்க வீட்டிலிருக்கும் பிரஷர் மெஷினே முதல் உதவி. போவதற்கு முன் ஒரு தடவை, போய்வந்ததும் ஒரு தடவை கட்டிப் பார்த்து எழுதிவைத்தால் டாக்டருக்குப் பெரிய தடயம். பிறகு ரத்தத்திலோ இருபத்துநாலு மணி நேரச் சிறுநீரிலோ மெட்டனெஃப்ரின் அளவு பார்ப்பார்கள்.

இந்தச் சேதி தெரியாமல் தியேட்டருக்குப் போனால் என்ன ஆகும்? மின்வளையம் கட்டியைத் தொட்டதும் மானிட்டரில் பிரஷர் இருநூறைத் தாண்டி எகிறும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். கேமராவைப் பிடித்திருப்பவருக்கு முன்பாக மயக்க மருந்து டாக்டருக்குத்தான் இது என்ன கட்டி என்று உறைக்கும். முன்னமே தெரிந்திருந்தால் பத்துப் பதினைந்து நாள் ஆல்ஃபா தடுப்பு மாத்திரை கொடுத்து, ரத்தக் குழாய்களைத் தளர்த்திவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள்.

தியேட்டரைத் தாண்டி வந்தாலும் லேபில் இன்னொரு கண்டம். பாராகாங்லியோமா தசைக்குள் வளர்வது. கருகிய துணுக்குகளில், கூடுகூடாகச் செல்கள் தசைக்கு நடுவே கிடப்பதைப் பார்த்தால் தசைவரை ஊடுருவிய புற்றுநோய் என்றே தோன்றும். உறுதிசெய்யக் காட்டா-3 என்ற சாயத்தைப் போட்டால், சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறும் அந்தச் சாயம் இதிலும் ஏறித்தொலைக்கும். கெரட்டின் சாயம் ஏறவில்லையே என்று ஒருவர் சந்தேகப்பட்டு, குரோமோகிரானின் போட்டுப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும்.

தசைவரை ஊடுருவிய புற்றுநோய் என்ற ஒரு வரி ரிப்போர்ட்டுக்கு என்ன விலை என்பதைச் சொல்லாவிட்டால் இத்தனை கவலை ஏன் என்று புரியாது. அதற்கான வழக்கமான சிகிச்சை சிறுநீர்ப்பையையே எடுத்துவிடுவது. ஆண்களுக்குக் கூடவே புரோஸ்டேட்டும், பெண்களுக்குப் பெரும்பாலும் கர்ப்பப்பையும் போகும். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி, சிறுநீர்க் குழாய்களை அதில் இணைத்து, வயிற்றில் ஓட்டைபோட்டு வெளியே பை ஒட்டுவார்கள். புற்றுநோய் இருப்பவருக்கு அது உயிர்ப்பிச்சை. இல்லாதவருக்கு?

பெண்களின் கணக்கு கொஞ்சம் வேறு. சிறுநீர்ப்பையின் தசையிலிருந்து வளரும் லயோமயோமா, கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டின் சகோதரம். பெண்களிடமே அதிகம் பதிவாகியிருக்கிறது. உறைக்குக் கீழிருந்து மேடு தட்டும். மேலே உறை வழவழப்பாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாக, ஓரம் வெட்டினாற்போல் தெரியும். சிறுநீர்ப்பைக் கட்டிகளில் அரை சதவீதத்துக்கும் குறைவு. தோண்டியெடுத்தால் கதை முடிந்தது. போலிகளிலேயே நாணயமானது இதுதான்.

எண்டோமெட்ரியோசிஸ் அப்படியில்லை. கர்ப்பப்பையின் உள்உறை போன்ற திசு சிறுநீர்ப்பைச் சுவரில் குடியேறி, மாதவிடாய்ச் சுழற்சிக்குத் தக்கபடி அங்கேயும் வீங்கும், கசியும். எரிச்சல், வலி, அடிக்கடி போகும் உணர்வு, சிலருக்கு ரத்தம். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரைமேல் மாத்திரையாக வருஷங்கள் ஓடும். ‘மாசத்துல எந்தத் தேதியிலம்மா அதிகமாகுது?’ என்ற ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை ஆண் டாக்டர் கேட்கத் தயங்குவதும், மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகள் பதில் சொல்லத் தயங்குவதும் நம் கிளினிக்குகளில் தினசரி நடப்பது. சிசேரியன் தழும்பும் ஒரு தடயம்தான். அதையும் யாராவது எழுதினால்தானே.

சென்னையில் டி.பி.யை மறந்துவிட்டு இந்தப் பேச்சை முடிக்க முடியாது. சிறுநீரகத்திலிருந்து இறங்கும் காசநோய் சிறுநீர்ப்பையைச் சிவக்கவைத்து, புண்ணாக்கி, கடைசியில் கைப்பிடிக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கிவிடும். சாதாரண கல்ச்சரில் கிருமி வளராது, சிறுநீரில் சீழ்ச்செல் மட்டும் நிறையத் தெரியும். வேடிக்கை என்னவென்றால் சிறுநீர்ப்பையின் மேலோட்டமான புற்றுநோய்க்கு மருந்தே காசநோய்த் தடுப்பூசிக் கிருமிதான். மொராலஸ் என்பவர் 1976ல் காட்டிய வழி அது. பி.சி.ஜி.யைப் பைக்குள் ஊற்றுவார்கள். சுவர் சிவந்து முடிச்சுகள் விழும். அடுத்த தடவை கேமராவில் பார்ப்பவருக்கு அது திரும்பிவந்த புற்றுநோயா, மருந்து வேலை செய்த அடையாளமா என்ற குழப்பம். பி.சி.ஜி. எத்தனை டோஸ், கடைசி டோஸ் என்றைக்கு என்பது இங்கே எழுத வேண்டிய வரி.

மாலகோபிளேக்கியாவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். ஈ.கோலை கிருமியை விழுங்கிய வெள்ளணு அதைச் செரிக்க முடியாமல் திணறி, சுண்ணமும் இரும்பும் படிந்த உருண்டைகளாக உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும். 1902ல் மிகாயலிஸ், குட்மன் இருவரும் வருணித்த உருண்டைகள். வெளியே மஞ்சள் திட்டுகள், கட்டிகள். தீர்வு பெரும்பாலும் ஆன்டிபயாடிக்.

இல்லாத புற்றுநோயைப் பார்த்துவிடும் பிழையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் துணை அதிபராக இருந்த ஹூபர்ட் ஹம்ஃப்ரிக்கு 1967ல் சிறுநீரில் ரத்தம். சிறுநீரில் உதிர்ந்த செல்களைப் பார்த்த நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. கடைசியில் காத்திருப்பது என்று முடிவாயிற்று. 1976ல் சிறுநீர்ப்பையை எடுக்க வேண்டிவந்தது, 1978 ஜனவரியில் இறந்தார். 1994ல் ஆய்வாளர்கள் அந்த 1967ஆம் ஆண்டுச் செல்களைத் தேடியெடுத்து மரபணுச் சோதனை செய்தபோது, பிற்பாடு அகற்றிய கட்டியில் இருந்த அதே பி-53 மரபணுப் பிழை அவற்றில் அப்போதே இருந்தது தெரிந்தது.

சென்னைக்கு இந்தப் பக்கத்துப் பிழை இன்னும் நெருக்கம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு மலக்குடலில் புற்றுநோய். முதலில் சீதபேதி என்று சொல்லிவிட்டார்கள். அந்த மரணம் அவர் மனதில் போட்ட விதைதான் 1954 ஜூனில் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாற்றில் திறக்கப்பட்ட கேன்சர் இன்ஸ்டிட்யூட். இந்த நகரத்தின் மருத்துவ நினைவில் பயத்தின் திசை ஒரு பக்கமாகவே இருப்பதில் ஆச்சரியமில்லை. நோயை விட்டுவிடக் கூடாது என்ற பயம் உயிர்களைக் காப்பாற்றுகிறது. இல்லாத நோயைக் கண்டுபிடித்துவிடுவோமோ என்ற பயம் அந்த அளவுக்கு யாரையும் தூங்கவிடாமல் செய்வதில்லை.

அதற்கு ஒரு மாற்று, சென்னைக் குடும்பங்களே பழக்கத்தில் கண்டுபிடித்து வைத்திருப்பது: ஸ்லைடும் பிளாக்கும் வாங்கிக்கொண்டு இன்னோர் இடத்தில் காட்டுவது. பிளாக் என்பது தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் சட்டம். பக்கவாட்டில் பென்சிலில் எழுதிய அல்லது அச்சடித்த எண். உள்ளே வெள்ளை மெழுகு. நடுவில் சாம்பல் நிறத்தில் நகக்கண் அளவு சதைத் துணுக்குகள் சிதறியிருக்கும். பெரிய ஆபத்தில்லாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம், வெயிலில் காரில் மட்டும் விட்டுவிடக் கூடாது, மெழுகு இளகும். இதிலிருந்து மறுபடி மெல்லிய சீவல் எடுத்து எந்தச் சாயமும் போடலாம் என்பதால் ஸ்லைடைவிட இதற்குத்தான் மதிப்பு. லேபில் எழுதிக்கொடுத்தால் தருவார்கள். கேட்பது நோயாளியின் உரிமை, கோபித்துக்கொள்ள எதுவுமில்லை. மறுபார்வை பார்ப்பவர் முதலில் கேட்பது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. டியூப், கல், மாற்று சிறுநீரகம், பி.சி.ஜி., பழைய ஆபரேஷன், தலைவலி எல்லாம் அதில் ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

இத்தகைய போலிகள் சென்னையில் வருஷத்துக்கு எத்தனை? அதே அடையாறு இன்ஸ்டிட்யூட் 1981 முதல் நகரத்தின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. பணியாளர்கள் மருத்துவமனைகளுக்கும் லேபுகளுக்கும் நேரில் போய்க் கணக்கெடுப்பவர்கள். ஆனால் பதிவேடு எண்ணுவது புற்றுநோயை. உலகம் முழுவதும் ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு; அதில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் கடைசி இலக்கம் கட்டியின் குணத்தைச் சொல்லும். 0 சாது, 1 சொல்ல முடியாதது, 2 இடம்விட்டு நகராத புற்றுநோய், 3 பரவும் புற்றுநோய். லயோமயோமா 8890/0. அழற்சித் தசைநார்க் கட்டி 8825/1. பதிவேடு தேடுவது 3ஐ. சாதுக்கள் கணக்கில் ஏறுவதில்லை. மருத்துவ இதழ்களில் ஒற்றை ஒற்றை கேஸ் ரிப்போர்ட்டுகளாகத்தான் வாழ்கின்றன.

பாராகாங்லியோமாவின் கடைசி இலக்கம் நெடுங்காலம் 1. உலக சுகாதார நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு வகைப்பாட்டுக்குப் பிறகு அது 3 ஆகிவிட்டது. பெரும்பாலானவை பரவுவதில்லை, ஆனால் எது பரவும், எது பரவாது என்று நுண்ணோக்கியைப் பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதால் எதையும் சாது என்று எழுதக் கூடாது என்ற முடிவு. ஆகவே மறுபார்வையில் சிறுநீர்ப்பை தப்பிய நம் மயிலாப்பூர்க்காரர், கட்டியை மட்டும் எடுத்துக்கொண்ட பிறகும் வருஷா வருஷம் மெட்டனெஃப்ரின் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆயுள் முழுக்க. எஸ்.டி.ஹெச்.பி. என்ற மரபணுவில் பிறவிப் பிழை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அது உள்ளவர்களுக்குத்தான் பரவும் ஆபத்து அதிகம். இருந்தால், உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கும் அவர் பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் அழைத்து ரத்தம் எடுப்பார்கள்.